வானிலை சொல்பவனின் வீடு

உத்தியோகத்தில் உயர்ந்து, கை நிறையச் சம்பாதித்து, வீதியில் போகிறவர்கள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குக் கீர்த்தியும் பெற்றுவிட்ட ஒருவன், நாற்பது வயதை எட்டும் தறுவாயில் தன் மனைவியும் மக்களும் குடியிருக்கும் வீட்டின் வாசலில் ஓர் அந்நியனைப் போல் நின்று அழைப்பு மணியை அழுத்த வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் கதையை நாம் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம் என்றுதான் முதலில் தோன்றும். அமெரிக்கப் படங்களில் இது பழகிய விஷயம். கடைசி அரை மணி நேரத்தில் கதாநாயகனுக்கு ஞானோதயம் உண்டாகி, பெரிய பதவியை உதறிவிட்டு விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஓடி வருவதும், மனைவி கண்ணீருடன் கதவைத் திறப்பதும், பிள்ளைகள் காலைக் கட்டிக்கொள்வதும் எத்தனையோ படங்களில் நடந்திருக்கின்றன. 2005-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான ‘தி வெதர் மேன்’ என்ற படம் அந்தச் சமரசத்துக்கு இணங்காமல், சிரிப்பையும் துயரத்தையும் ஒரே காட்சிக்குள் வைத்து, வெற்றியையும் தோல்வியையும் ஒரே மனிதனிடம் விட்டுவைத்து முடிகிறது. வெளிவந்தபோது செலவிட்ட பணத்தைக்கூடத் திரையரங்குகளில் ஈட்டாமல் ஒதுங்கிப்போன இந்தப் படத்தைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

கதை நிகழும் இடம் சிகாகோ நகரம். காலம் கடுங்குளிர் காலம். மிச்சிகன் ஏரியின் கரையோரம் தண்ணீர் உறைந்து பாளம் பாளமாக மிதக்க, வானமும் கட்டடங்களும் மனிதர்களின் மேலங்கிகளும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிகின்றன. அந்த நகரத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் வானிலை சொல்பவன் டேவ் ஸ்பிரிட்ஸ். நிக்கோலஸ் கேஜ் அந்தப் பாத்திரத்தில் நடித்திருக்கிறார். டேவ் வானிலை சாஸ்திரம் கற்றவன் அல்லன். வானிலை நிபுணர்கள் கணித்துத் தரும் செய்தியைப் புன்னகையுடனும் கையசைப்புடனும் பார்வையாளர்களுக்குச் சொல்வதுதான் அவன் தொழில். தொலைக்காட்சியில் இதைச் செய்கிறவர்கள் உண்மையில் ஒரு வெற்றுத் திரையின் முன்னால்தான் நிற்கிறார்கள். வீட்டில் நாம் காணும் வரைபடமும் மேகமும் காற்றின் அம்புக்குறிகளும் அவர்களுக்குப் பின்னால் இருப்பதில்லை; பக்கத்திலுள்ள சிறு திரையில் தம் பிம்பத்தைப் பார்த்தபடியே, இல்லாத ஊர்களைச் சுட்டிக்காட்டக் கை பழகியிருக்க வேண்டும். டேவுக்கு அந்தக் கை நன்றாகப் பழகியிருக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேர வேலைக்கு ஆண்டுக்கு 2,40,000 டாலர் கிடைக்கிறது. நியூயார்க்கிலிருந்து நாடு முழுவதற்கும் ஒளிபரப்பாகும் காலை நிகழ்ச்சி ஒன்றில், அதைப் போல் பல மடங்கு ஊதியத்துக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இத்தனையும் இருந்தும் தெருவில் அவன்மீது எதையாவது வீசிவிட்டுப் போகிறார்கள். ஓடும் காரிலிருந்து பெரிய காகிதக் குவளை நிறையச் சோடா வந்து மார்பில் மோதுகிறது. ஒருநாள் பாதி உருகிய ஐஸ்கிரீம், இன்னொரு நாள் பொரித்த கோழித் துண்டு. வீசுகிறவர்களுக்கு அவனோடு விரோதம் எதுவும் கிடையாது. தொலைக்காட்சியில் தினம் பார்க்கும் முகம் என்பது ஒன்றே அவர்களுக்குப் போதுமான உரிமையாகிவிடுகிறது. தன்மேல் விழுந்தவையெல்லாம் அவசர உணவுக் கடைகளின் பண்டங்களே என்பதை டேவ் ஒரு கட்டத்தில் தானே கவனித்து, சுலபமாய்க் கிடைத்து, நாவுக்கு ருசித்து, உடம்பில் எதையும் சேர்க்காமல் போகும் அந்தப் பண்டங்களின் இனத்தைச் சேர்ந்தவனே தானும் என்ற முடிவுக்கு வருகிறான். படத்தின் நகைச்சுவை அத்தனையும் இந்த உணர்ச்சியின்மேல் கட்டப்பட்டது என்பதால்தான், ஒவ்வொரு முறை அவன்மேல் குவளை வந்து விழும்போதும் நாம் சிரித்துவிட்டு உடனே சற்று வெட்கப்படுகிறோம்.

இந்தக் கற்பனைக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியின் நிஜ வரலாற்றிலேயே ஒரு வியப்பான ஒற்றுமை இருக்கிறது. என்.பி.சி. நிறுவனத்தின் ‘டுடே’ என்ற காலை நிகழ்ச்சியில் 1980 முதல் வானிலை சொல்லி நாடெங்கும் புகழ்பெற்ற வில்லார்ட் ஸ்காட், நூறு வயதை எட்டிய முதியவர்களுக்குத் திரையில் வாழ்த்துச் சொல்லி எல்லார் வீட்டுக்கும் உறவினராகிவிட்டவர். அவரே 1963-இல், மெக்டொனால்ட்ஸ் உணவகத்தின் விளம்பரக் கோமாளியான ரொனால்ட் மெக்டொனால்டாக முதன்முதலில் வேடமிட்டு நடித்தவர். அந்த நிகழ்ச்சியை 1982 முதல் 1997 வரை நடத்திய பிரையன்ட் கம்பெல், ‘தி வெதர் மேன்’ படத்தில் டேவ் ஆசைப்படும் நியூயார்க் நிகழ்ச்சியை நடத்துபவராகத் தம் சொந்தப் பெயரிலேயே தோன்றுகிறார். திரைக்கதை எழுதிய ஸ்டீவன் கான்ராடுக்கு ஸ்காட்டின் நினைவு இருந்ததோ இல்லையோ, வானிலைக்காரனும் அவசர உணவும் அந்த நாட்டில் ஒரே விளம்பர உலகத்தின் பிள்ளைகள் என்பதை அவர் கூர்மையாகக் கண்டிருக்கிறார்.

இனி வீட்டு விஷயம். டேவும் மனைவி நோரீனும் பிரிந்து வாழ்கிறார்கள். பிரிவுக்குக் காரணமாகப் பெரிய துரோகம் ஒன்றையும் இந்தப் படம் எடுத்துக்காட்டுவதில்லை என்பது அதன் மிகப் பெரிய நேர்மை. டேவ் குடிகாரன் அல்லன். பிள்ளைகளை அடிப்பவன் அல்லன். அவர்களிடம் அவனுக்குள்ள அன்பும் பொய்யன்று. பின் என்ன குறை என்று கேட்டால், படம் பழைய நினைவு ஒன்றை எடுத்து வைக்கிறது. சேர்ந்து வாழ்ந்த நாளில் இரவுச் சாப்பாடு வாங்கிவரக் கடைக்குக் கிளம்பும் டேவிடம், டார்ட்டர் சாஸ் என்ற தொடுகறியை மறக்காமல் கேட்டு வாங்கிவரும்படி நோரீன் சொல்லி அனுப்புகிறாள். அந்த ஒரு பொருளின் பெயரை மனத்துக்குள் உருப்போட்டபடி அவன் தெருவில் நடக்கிறான். நடக்கையில் எதிரே வரும் ஒரு பெண்ணின்மேல் கவனம் போகிறது, அதிலிருந்து வேறொரு நினைவு கிளைக்கிறது, அதிலிருந்து இன்னொன்று. டார்ட்டர் சாஸ் இடையிடையே மேலே வந்து மறுபடியும் மூழ்கிப்போகிறது. கடைசியில் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து சேர்கிறான். நோரீனின் கோபம் பண்டத்துக்காக அன்று. தான் சொன்ன ஒரு வார்த்தை ஒரு தெருவின் தூரத்துக்குக்கூட அவன் மனத்தில் தங்கவில்லையே என்பதற்காக. அவன் மறந்ததோ உண்மையான மறதி. இருவரில் யாரையும் குற்றவாளியாக நிறுத்த முடியாத அந்தச் சில நிமிஷங்களுக்குள் ஒரு விவாகத்தின் வரலாறே அடங்கிவிடுகிறது. கலை என்பதற்கு இதைவிடச் சிக்கனமான உதாரணம் சமீபத்திய படங்களில் நான் அதிகம் கண்டதில்லை.

பிரிவை ஒட்டவைக்கும் முயற்சியிலும் இதே கதைதான். தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் கூட்டத்தில், ஒருவர் மற்றவருக்கு எழுதித் தரும் ரகசியச் சீட்டைப் பிரித்துப் படிக்காமல் வைத்திருந்து நம்பிக்கையை நிரூபிக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி வைக்கிறார்கள், டேவ் படித்துவிடுகிறான். இன்னொரு நாள் விளையாட்டாக மனைவிமேல் எறியும் பனிக்கட்டி உருண்டை அவள் முகத்திலேயே போய்த் தாக்குகிறது. அவன் செய்வதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் எந்த நல்லெண்ணமும் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேருவதும் இல்லை. தொழிலில் அவனுக்குக் கைகொடுத்த குணம் எதுவோ அதுவே வீட்டில் அவனைக் கைவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். தொலைக்காட்சியில் வேண்டியது ஒரு நிமிஷத்தின் இனிமை. சொன்னது பலிக்காமல் போனாலும் மறுநாள் புதிய செய்தியுடன் புன்னகை செய்யலாம், நேற்றைய வார்த்தைக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கோ நேற்றைய வார்த்தை நினைவிருக்கிறது.

பிள்ளைகள் இருவர். மூத்தவன் மைக், போதைப் பழக்கத்தில் அகப்பட்டு மீண்டு, தனக்கு ஆலோசகராக நியமிக்கப்பட்ட மனிதரின் நட்பில் பாதுகாப்பு இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறான். அந்த நட்பு தீய நோக்கமுடையது என்று வெளிப்படும் பகுதி பார்ப்பதற்கே கூசுவது. இளையவள் ஷெல்லி, உடல் பருத்து, எதிலும் உற்சாகமில்லாமல், எப்போதும் முகம் வாடியிருக்கும் பன்னிரண்டு வயதுப் பெண். அவள் அணியும் இறுக்கமான கால்சட்டையை வைத்து, ஒட்டகத்தின் கால் விரலைக் குறிக்கும் ஒரு கொச்சையான பட்டப்பெயரால் பள்ளிப் பிள்ளைகள் அவளை ஏளனம் செய்கிறார்கள். இதை டேவுக்குக் கவனப்படுத்துவதே அவன் தந்தைதான். மகளிடம் பக்குவமாக விசாரிக்கும்போது அவள் சொல்லும் பதில்தான் படத்தின் மிக மென்மையான இடம்: ஒட்டகத்தின் கால் பாலைவனம் முழுவதும் நடக்கக்கூடிய உறுதி படைத்தது, தானும் உறுதியானவள் என்பதால் அப்படி அழைக்கிறார்கள் என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருக்கிறாள். டேவ் அவளைத் திருத்துவதில்லை. கடைக்கு அழைத்துப் போய் அவளுக்குப் பொருந்தும் வேறு உடைகளை வாங்கித் தருகிறான். வாழ்நாள் முழுவதும் வார்த்தைகளை வைத்தே பிழைத்த ஒருவன், பேசாமல் இருந்து மகளுக்கு ஒரு நன்மை செய்யக் கற்றுக்கொள்ளும் இந்தக் காட்சிக்காகவே படத்தின் மற்றக் குறைகளை மன்னிக்கலாம்.

குறைகள் உண்டு. கொச்சை மொழி அளவுக்கு மீறிப் புழங்குகிறது. குழந்தைகளுடன் உட்கார்ந்து பார்க்கத் தக்க படமன்று. ஆலோசகரை டேவ் தேடிப்போய் அடிக்கும் பகுதி, மற்றக் காட்சிகளின் நிதானத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது.

டேவின் தந்தை ராபர்ட் ஸ்பிரிட்ஸெல், புலிட்ஸர் பரிசு பெற்ற நாவலாசிரியர். மகன் தொலைக்காட்சிக்காகக் குடும்பப் பெயரின் வாலை வெட்டி ஸ்பிரிட்ஸ் ஆக்கிக்கொண்டவன். மைக்கேல் கெய்ன் இந்த முதியவராக நடிக்கும்போது குரலை உயர்த்துவதே இல்லை. மகன்மேல் சோடா வீசப்படுவதை அருகிலிருந்து பார்த்துவிட்டு, ஏன் அப்படி வீசுகிறார்கள் என்று உண்மையாகவே புரியாமல் கேட்கும் அந்தத் தொனியில் கண்டனம் இல்லை, மகனுக்கு அது கண்டனத்தைவிடக் கொடியதாக இருக்கிறது. அவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்ததும், தாம் உயிரோடிருக்கும்போதே தமக்கு இரங்கற்கூட்டம் நடப்பதை ஏற்றுக்கொள்கிறார். அங்கே மகன் பேச எழுகிறான். இலக்கிய மேதையான தந்தையைப் பற்றிச் சொல்ல அவனுக்குக் கிடைத்தது பாப் சீகர் பாடிய ‘லைக் எ ராக்’ என்ற ஜனரஞ்சகப் பாட்டு. 1986-இல் வெளிவந்து, பிறகு பல ஆண்டுகள் செவர்லே நிறுவனத்தின் டிரக் வண்டி விளம்பரங்களில் ஒலித்து அமெரிக்கர் காதெல்லாம் பழகிப்போன பாட்டு அது. அவன் தொடங்கிய வாக்கியம் முடிவதற்குள் மின்சாரம் போய்விடுகிறது, பேச்சு நின்றுபோகிறது, வாய்ப்பும் போய்விடுகிறது. மண்டபத்தில் இருட்டு வந்ததும் நமக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நெஞ்சு கனத்துவிடும்.

பிற்பாடு காருக்குள் தனித்திருக்கும்போது, அன்று சொல்ல நினைத்தது என்ன என்று தந்தை விசாரிக்கிறார். பாட்டைக் காரிலேயே போட்டு இருவரும் கேட்கிறார்கள். கடினமான காரியமும் சரியான காரியமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும் என்பதும், பெரியவர்களின் வாழ்க்கையில் சிலவற்றைத் தூக்கி எறியத்தான் வேண்டும் என்பதும் ராபர்ட் படத்தின் போக்கில் மகனுக்குச் சொல்லும் கருத்துக்கள். கடைசியில் அவன் பிள்ளைகளைப் பற்றி, இன்னும் அவகாசம் இருக்கிறது என்று அவர் நம்பிக்கையூட்டும்போது, தான் எழுத்தாளனாகவில்லை, தந்தையைப் போல் ஆகவில்லை என்று ஆண்டுக்கணக்கில் வெந்த மகன் முதன்முறையாகத் தந்தையின் வாரிசாகிறான். அதன் பிறகு வரும் தன்னறிவும் மிக எளிமையானது: வாலிபத்தில் தான் ஆகக்கூடியவர்கள் என்று மனத்தில் வைத்திருந்த பலரும் ஒவ்வொருவராக விலகிப்போக, எஞ்சியவன் இந்த வானிலைக்காரன் ஒருவனே என்பதை அவன் ஏற்றுக்கொள்கிறான்.

நியூயார்க் வேலை அவனுக்குக் கிடைக்கிறது. அதை அவன் உதறுவதில்லை. நோரீன் வேறொருவனை மணந்துகொள்கிறாள். அவளைத் திருப்பிக் கொடுக்கும் மலினமான இரக்கத்தைக் கதாசிரியர் காட்டவில்லை. மகளுக்காக வாங்கி, அவள் சலித்துக் கைவிட்ட வில்லையும் அம்பையும் டேவ் தானே எடுத்துப் பயின்று, மூச்சை அடக்கிக் குறியை மட்டும் பார்க்கும் பழக்கத்தைச் சற்றே பெற்றிருக்கிறான். ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ என்ற பிரம்மாண்டமான கடற்கொள்ளைக்காரர் படத்தை 2003-இல் எடுத்து உலகையே திரையரங்குக்கு வரவழைத்த இயக்குநர் கோர் வெர்பின்ஸ்கி, அடுத்து இவ்வளவு அடக்கமான கதையைத் தேர்ந்தெடுத்ததும், முடிவில் ஆறுதல் எதையும் மிகைப்படுத்தாததும் பாராட்டுக்குரியவை.

ஸ்டீவன் கான்ராட் அடுத்த ஆண்டே எழுதி வெளிவந்த படம் ‘தி பர்சூட் ஆஃப் ஹாப்பினெஸ்’. சான் பிரான்சிஸ்கோவில் நிலையான வேலையும் வீடும் இல்லாமல், சுரங்க ரயில் நிலையத்தின் கழிப்பறையில் மகனை மடியில் போட்டு இரவைக் கழித்த கிறிஸ் கார்ட்னர் என்ற மனிதரின் கதை அது. வில் ஸ்மித் தம் சொந்த மகனுடனேயே நடித்தார். ஒருவனிடம் வேலை இருக்கிறது, பிள்ளைகள் கைநழுவுகிறார்கள். மற்றவனிடம் பிள்ளை இருக்கிறான், வேலைதான் இல்லை. ஒரே பிரச்சினையை எழுத்தாளர் இரு புறமிருந்தும் பார்த்திருக்கிறார். வேலையைத் தேடி அடைகிறவனின் கதை திரையரங்குகளில் முப்பது கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. வேலையைப் பெற்றவனின் கதையை அநேகர் பார்க்கவே இல்லை. இரண்டில் எதை முதலில் பார்க்கலாம் என்று கேட்கும் நண்பர்களுக்குக் கார்ட்னரின் கதையையே முதலில் சொல்வேன். அந்த மனிதருக்கு வேலை கிடைத்துவிட்ட சந்தோஷம் மனத்தில் இருக்கும்போதே, மறுநாள் மாலை டேவின் கதையைப் பார்த்துவிட வேண்டும்.