‘லா பாயிண்ட்’ இருந்தால்தான் உள்ளே! ஐகோர்ட்டில் 2-வது அப்பீல் படும் பாடு

“ஐயா, அந்தச் சுவரை எங்கப்பா கட்டினாரு. ஊருக்கே தெரியும். கீழ்க்கோர்ட்டுல ரெண்டு தடவையும் தப்பா சொல்லிட்டாங்க. ஐகோர்ட்டுல கேட்டா நியாயம் கிடைக்காதா?”

“நியாயம் இருக்கட்டும் பெரியவரே. இதுல லா பாயிண்ட் இருக்கா? அதைப் பார்ப்போம்!”

சென்னை ஐகோர்ட்டின் சிவப்புக் கட்டிடத்தைச் சுற்றியுள்ள வக்கீல் ஆபீசுகளில் இப்படிப்பட்ட பேச்சு புதிதல்ல. கையில் மஞ்சள் பை. பைக்குள் பழைய பத்திரங்கள், இரண்டு கோர்ட்டுகளின் தீர்ப்பு நகல்கள். வெளியூரில் இருந்து பஸ் ஏறி வரும் கட்சிக்காரருக்கு முதல் அதிர்ச்சியே இந்தக் கேள்விதான்.

மூன்றாவது படி

சின்ன நிலத் தகராறு என்றால் முதலில் முன்சீப் கோர்ட்டு. அங்கே தோற்றவர் சப்-கோர்ட்டில் அப்பீல் போடலாம். அங்கேயும் தோற்றால் ஐகோர்ட்டில் இரண்டாவது அப்பீல்.

படி மூன்றுதான். ஆனால் மூன்றாவது படி வேறு மாதிரி. சப்-கோர்ட்டு சாட்சிகளின் வாக்குமூலத்தை மறுபடி அலசும். யார் சொன்னது உண்மை என்று பார்க்கும். ஐகோர்ட்டு அந்த வேலையில் இறங்காது. “சுவரைக் கட்டியது யார்?” என்பது நடந்த சம்பவம் பற்றிய விஷயம். அது சப்-கோர்ட்டோடு முடிந்தது. “கீழ்க்கோர்ட்டு சட்டப்படி நடந்ததா?” என்பதுதான் ஐகோர்ட்டின் கேள்வி.

1977-ல் வந்த கிடுக்கிப்பிடி

முன்பும் சட்டத்தில் தவறு, விசாரணை முறையில் பெரிய கோளாறு என்று காட்டினால்தான் இரண்டாவது அப்பீல். ஆனாலும் வழி கொஞ்சம் அகலமாக இருந்தது. 1976-ல் சிவில் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அது 1977 பிப்ரவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது.

அதில் இருந்து 100-வது பிரிவு கறாராகிவிட்டது. வெறும் சட்டப் பிரச்சினை போதாது. ‘முக்கியமான சட்டப் பிரச்சினை’ இருக்க வேண்டும். அது என்ன என்று அப்பீல் மனுவிலேயே துல்லியமாக எழுத வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது என்று நீதிபதி திருப்தி அடைந்தால், அவரே அந்தக் கேள்வியை வகுப்பார். வழக்கு அதன்மேல்தான் நடக்கும்.

எது முக்கியம்?

இதற்கு அளவுகோல் சொன்னதில் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னை ஐகோர்ட்டின் முழு பெஞ்சு ஒன்று சொன்ன கருத்தை ஏற்று, 1962-ல் சுனிலால் மேத்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விளக்கம் கொடுத்தது.

பொதுமக்கள் எல்லோருக்கும் முக்கியமான பிரச்சினையாக இருக்கலாம். அல்லது கட்சிக்காரரின் உரிமையை நேரடியாக, கணிசமாகப் பாதிப்பதாக இருக்கலாம். அதோடு, மேல்கோர்ட்டு இன்னும் முடிவு சொல்லாததாகவோ, இரண்டு விதமாக வாதாட இடம் உள்ளதாகவோ இருக்க வேண்டும். ஏற்கனவே முடிவான சட்டத்தை இந்த வழக்குக்குப் பொருத்திப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி என்றால், அது முக்கியமான பிரச்சினை ஆகாது.

ஆக, சொத்தின் மதிப்பு அளவுகோல் அல்ல. 5 சென்ட் நிலத்திலும் லா பாயிண்ட் இருக்கலாம். 50 ஏக்கரிலும் இல்லாமல் போகலாம். பண வசூல் வழக்குக்கு மட்டும் ஒரு தடை உண்டு. ரூ.25 ஆயிரம் வரை உள்ள வழக்குக்கு இரண்டாவது அப்பீலே கிடையாது.

அட்மிஷன் அன்று

தீர்ப்பு தேதியில் இருந்து 90 நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். நகல் வாங்கப் பிடித்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். பிறகு வழக்கு நீதிபதி முன் அட்மிஷனுக்கு வரும்.

கட்சிக்காரருக்கு நெஞ்சு படபடக்கும் நேரம் இதுதான். வருஷக்கணக்கில் நடந்த வழக்கு. “இதில் சட்டப் பிரச்சினை என்ன?” என்று நீதிபதி கேட்பார். வக்கீலிடம் பதில் இல்லை என்றால் அங்கேயே தள்ளுபடி! எதிர்த்தரப்புக்கு நோட்டீசுகூடப் போகாமல் கதை முடிந்துவிடும்.

அட்மிஷன் ஆனாலும் ஜெயித்துவிட்டதாக அர்த்தமில்லை. “இது சட்டப் பிரச்சினையே அல்ல” என்று எதிர்த்தரப்பு விசாரணையின்போது வாதாடலாம். வகுக்காமல் விட்ட வேறொரு கேள்வி தெரியவந்தால், காரணத்தை எழுதிவைத்துவிட்டு நீதிபதி அதையும் விசாரிக்கலாம்.

இந்தக் கட்டுப்பாடு நீதிபதிக்கும் சேர்த்துத்தான். கேள்வியை வகுக்காமலே இரண்டாவது அப்பீலை அனுமதித்த தீர்ப்புகளை சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொல்லி அனுப்பியது உண்டு.

பைக்குள் இருக்கும் பாயிண்ட்

அப்படியானால் பெரியவர் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதானா? அவசரம் வேண்டாம்.

பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றை முன்சீப் கோர்ட்டில் அவர் தாக்கல் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கின் முடிவே அதில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு தீர்ப்பிலும் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கேதான் லா பாயிண்ட்! முக்கிய ஆதாரத்தைப் பார்க்காமல் விட்டால், ஆதாரமே இல்லாமல் முடிவு செய்தால், எதிராளி நிரூபிக்க வேண்டியதை இவர் தலையில் கட்டினால், பத்திரத்துக்குச் சட்டப்படி உள்ள பலனைத் தவறாகச் சொன்னால், ஐகோர்ட்டு தலையிட முடியும்.

“சாட்சி பொய் சொன்னான்” என்று ஆயிரம் தடவை சொன்னாலும் எடுபடாது. “என் பத்திரத்தைப் பார்க்கவே இல்லை” என்பது எடுபடலாம்.

ஆனால் ஒன்று. அந்தப் பத்திரம் முன்சீப் கோர்ட்டிலேயே தாக்கலாகி இருக்க வேண்டும். “மேலே போய்ப் பார்த்துக்கலாம்” என்று பரணில் வைத்திருந்த பத்திரத்தைக் கீழ்க்கோர்ட்டு எப்படிப் பார்த்திருக்க முடியும்?

ஐகோர்ட்டு வழக்கின் அஸ்திவாரம் முன்சீப் கோர்ட்டில்தான். மஞ்சள் பையை முழுக்கத் திறந்து காட்ட வேண்டிய இடமும் அதுதான்!