நூலக எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்

யாழ்ப்பாணத்து வரலாற்றிலோ இலக்கியத்திலோ ஆய்வு செய்ய இறங்குபவர்கள் முதலில் திறக்கவேண்டிய இணையத்தளம் 'நூலகம்'. 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய இந்த எண்ணிம நூலகத்தில், இலங்கைத் தமிழரின் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் காசு கொடுக்காமல் வாசிக்கலாம். இப்படியொரு தளம் ஏன் வேண்டும் என்றால், 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை போனது போனதுதான்.

இத்தளத்தில் உள்ளதுபோல ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு வெறும் படம். எழுத்துணரி மென்பொருள் வாசித்துக் கொடுத்தால்தான் அதற்குள் தேடமுடியும். மங்கிய பழைய அச்சில் அந்த மென்பொருளும் தடுமாறும். அதனால்தான் இத்தளத்தில் மனிதர்கள் உட்கார்ந்து தட்டச்சுச் செய்த பொருளடக்கங்களை நான் பெரிதாக மதிக்கிறேன். டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய 'மல்லிகை' சஞ்சிகையைத் தேடிப் பாருங்கள். ஒவ்வோர் இதழுக்கும் தனிப்பக்கம்; தலைப்பிலேயே ஆண்டும் மாதமும். பெட்டிக்குள் நூலக எண் (இத்தளம் ஒவ்வோர் ஆவணத்துக்கும் இடும் எண்), மொழி, பக்கங்கள். 'வாசிக்க' என்பதன் கீழ் பிடிஎஃப் கோப்பு. அதற்கும் கீழே 'உள்ளடக்கம்': எந்தக் கதை, எந்தக் கட்டுரை, யார் எழுதியது. பல இதழ்களுக்கு இப்படி இருப்பதால், ஓர் எழுத்தாளரின் பெயரைக் கொடுத்தால் மறந்துபோன சிறுகதைகூட அகப்படும்.

'ஆளுமை' பக்கங்களையும் தவறவிடாதீர்கள். ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பின் அடியில் 'வளங்கள்' என்ற பகுதியில், அவரைப் பற்றி எந்த நூலக எண்ணில், எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று குறித்திருப்பார்கள். ஆய்வாளருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சமூக வரலாறு தேடுபவர்களுக்கு நான் சொல்வது இத்தளத்தில் உள்ள நினைவு மலர்கள். இறந்தவரின் அந்தியேட்டிக் கிரியைக்கு வீட்டார் அச்சிட்டுக் கொடுக்கும் சிறு புத்தகங்கள் இவை. வம்சம், தொழில், மணவுறவு, ஊர்விட்டு ஊர் போனது எல்லாம் தேவாரப் பதிகங்களுக்கு நடுவே கிடக்கும். இவற்றைச் சேர்த்து வைக்கும் நூலகங்கள் மிகக் குறைவு.

ஒளிப்படம், ஒலிப்பதிவு, ஓலைச்சுவடி வேண்டுமென்றால் இத்தளத்தை நடத்தும் நிறுவனத்தின் 'ஆவணகம்' தளத்துக்குப் போகவேண்டும். பழந்தமிழ் இலக்கியத்துக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் கைகொடுக்கும். அங்கே நூல்கள் எழுத்து வடிவில் இருப்பதால் சொல் சொல்லாகத் தேடலாம்.

ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் ஆசிரியர், ஆண்டு, பக்கத்தோடு நூலக எண்ணையும் எழுதுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் எந்த நாட்டிலிருந்தும் அதே பிரதியின் அதே பக்கத்தைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.