பி.எட். பணம் கட்டுமுன் இந்தக் காகிதங்களைக் கேளுங்கள்

கல்லூரித் தேர்வு முடிவுகள் வரத் தொடங்கினால் போதும். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பக்கம் மின்கம்பங்களில் அந்த நோட்டீஸ் முளைத்துவிடும்: ‘பி.எட். சேர்க்கை நடைபெறுகிறது. கல்லூரிக்கு வரத் தேவையில்லை. தேர்ச்சிக்கு உத்தரவாதம்.’ கீழே ஒரு கைபேசி எண் மட்டும். கல்லூரிக்குப் பெயர் இருக்காது. பெயரே போடாத கல்லூரிக்கு அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கட்டுகிறவர்களை நான் வருஷம் தவறாமல் பார்க்கிறேன். கடற்கரைக் குப்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கியவர்கள்தான் இவர்களில் அதிகம்.

எல்லாரும் விசாரிக்கிறார்கள். எப்போது என்றால், படித்து முடித்த பிறகு. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வந்து, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போன இடத்தில் ‘இது செல்லாது’ என்று ஒருவர் ஓரமாக நிறுத்தி வைத்த பிறகு. அப்போது வந்து கேட்டால் யார் என்ன செய்ய முடியும்? பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். இந்தக் கட்டுரையில் இதையே மூன்று நான்கு தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எந்த வகுப்புக்கு ஆசிரியர் ஆகப்போகிறீர்கள்? இதைத் தீர்மானிக்காமலேயே முக்கால்வாசிப் பேர் சேர்ந்துவிடுகிறார்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். உதவாது. இடைநிலை ஆசிரியர் எனப்படும் அந்தப் பணிக்கு வேண்டியது தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. பி.எட். முடித்தவர்களும் தொடக்கப் பள்ளி ஆசிரியராகலாம் என்று 2018 ஜூனில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., ஓர் அறிவிக்கை வெளியிட்டது உண்மைதான். அந்த அறிவிக்கை செல்லாது என்று 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தேவேஷ் சர்மா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. அதற்கு முன் முறையாக நியமனம் பெற்றவர்களுக்குத்தான் பாதுகாப்பு. இன்றைக்கும் ‘பி.எட். போட்டால் இடைநிலை ஆசிரியரும் ஆகலாம், பட்டதாரி ஆசிரியரும் ஆகலாம்’ என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். சொல்கிறவருக்குத் தீர்ப்பு தெரியாது, அல்லது தெரிந்தே சொல்கிறார். இரண்டில் எதுவானாலும் அந்த ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஆறு முதல் பத்து வரைக்கும் பட்டதாரி ஆசிரியர். பட்டம், பி.எட்., டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள் மூன்றும் வேண்டும். டெட் தேறினால் வேலை என்பதும் பழைய கதை. 2018 அரசாணைக்குப் பிறகு அதற்கு மேல் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். பட்டதாரி ஆசிரியர்களுக்கான அந்தத் தேர்வு 2024 பிப்ரவரி 4 அன்று நடந்தது. பணியில் இருப்பவர்களையே டெட் விடவில்லை. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ‘டெட் தேவையில்லாத வழி இருக்கிறது’ என்று யாராவது ரகசியம் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி உங்கள் பட்டம். பி.காம். முடித்த கையோடு பி.எட். சேர வருகிறார்கள். வணிகவியலும் பொருளாதாரமும் மேல்நிலை வகுப்புப் பாடங்கள், இவற்றுக்கு முதுகலையும் முடித்திருந்தால்தான் பி.எட். சேர்க்கையே. இதைத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் ஒவ்வோர் ஆண்டும் தன் சேர்க்கை விதிமுறையில் அச்சடித்துத்தான் வைக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை. மாமல்லபுரம் அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் படித்த பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். உங்கள் பட்டம் பள்ளிப் பாடம் எதனோடு பொருந்துகிறது என்று அந்த விதிமுறையில் பாருங்கள். இல்லையென்றால் வாய்ப்பேச்சை நம்பாமல் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

பட்டத்தின் பெயரில் ஒரு அடைமொழி கூடினாலும் சிக்கல்தான். வெறும் ‘ஆங்கிலம்’ என்றோ ‘இயற்பியல்’ என்றோ இல்லாமல் முன்னால் ‘பயன்பாட்டு’ போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது மூலப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். இணைத்தன்மை முடிவு செய்யும் குழு தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் கீழ் இயங்குகிறது. அலுவலகம் சென்னை காமராஜர் சாலையில், வெலிங்டன் சீமாட்டி கல்லூரி வளாகத்தில். ஏற்கெனவே உங்கள் பட்டத்துக்கு அரசாணை வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் பதிவாளர் முத்திரையோடு வாங்கி விண்ணப்பிக்க வேண்டும். பாடத்திட்டப் பிரதி கிடைக்கவே மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள், குழு கூடி முடிவெடுக்க அதற்கு மேலும் ஆகும். ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் வண்டி போய்விடும். பட்டம் கையில் வந்த மாதமே தொடங்குங்கள்.

பத்து, பன்னிரண்டு தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. 2009ஆம் ஆண்டின் 107ஆம் அரசாணைப்படி 10, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை இல்லாத பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது. இந்த அரசாணை வந்து எத்தனை ஆண்டு ஆகிறது, இன்றும் அப்படிப்பட்ட பட்டத்தோடு பி.எட். சேர்க்கிறார்கள்.

இப்போது கல்லூரிக்கு வருவோம். கல்லூரிக்கு இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று என்.சி.டி.இ. அங்கீகாரம், மற்றொன்று காரப்பாக்கத்தில் உள்ள ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைவு. ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் பயனில்லை. என்.சி.டி.இ. சட்டத்தின் 17(4) பிரிவைச் சாதாரணத் தமிழில் சொன்னால் இதுதான்: அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் வாங்கிய பட்டம் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி வேலைக்குத் தகுதியே ஆகாது. நீங்கள் நன்றாகப் படித்தீர்களா, முதல் வகுப்பில் தேறினீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கல்லூரிக்குப் போனதும் அங்கீகார ஆணையின் நகலைக் கேளுங்கள். ‘சுவரில் மாட்டியிருக்கிறதே’ என்பார்கள். சட்டம் போட்டு மாட்டியிருப்பது பெரும்பாலும் எப்போதோ வந்த பழைய ஆணை. நகலில் மூன்றைப் பாருங்கள்: கல்லூரியின் பெயரும் முகவரியும், படிப்பின் பெயர், அனுமதிக்கப்பட்ட இடங்கள். ஒரு பிரிவுக்கு 50 மாணவர். நூறு இடத்துக்கு அனுமதி வாங்கி நூற்றைம்பது பேரிடம் பணம் வாங்கினால் அந்த மிச்ச ஐம்பது பேர் பெயர் பல்கலைக்கழகத்துக்குப் போகாது. பிறகு என்.சி.டி.இ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற கல்லூரிப் பட்டியலையும், பல்கலைக்கழக இணையதளத்தில் இணைவுப் பட்டியலையும் நீங்களே பாருங்கள். 2025இல் செயல்திறன் அறிக்கை தாக்கல் செய்யாத ஏராளமான கல்லூரிகளின் அங்கீகாரத்தை என்.சி.டி.இ. திரும்பப் பெற்றது. தென் மண்டலக் கல்லூரிகளும் அதில் உண்டு. சில மேல்முறையீட்டில் இருக்கும், சில நீதிமன்றத்தில் இருக்கும். போன வருஷம் அக்கா படித்த கல்லூரி என்பதற்காக இந்த வருஷமும் அங்கீகாரம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் பதற வேண்டாம். அங்கீகார ரத்து, ஆணை வந்த நாளுக்கு அடுத்து வரும் கல்வியாண்டின் முடிவில்தான் நடைமுறைக்கு வரும்.

சந்தேகமா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வெள்ளைத்தாளில் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பினால் போதும். ‘இந்தக் கல்லூரிக்கு இந்தக் கல்வியாண்டில் பி.எட். இணைவு உள்ளதா, அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை’ என்று இரண்டே கேள்வி கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

அந்த நோட்டீஸுக்குத் திரும்புகிறேன். கல்லூரிக்கு வராமல் படிக்கும் நேரடி பி.எட். என்று ஒன்று கிடையாது. 2014 விதிமுறைப்படி இரண்டு ஆண்டுப் படிப்பு, வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். தொலைநிலை பி.எட். ஏற்கெனவே நேர்முறையில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும், பயிற்சி பெற்றுப் பணியில் உள்ள தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் மட்டும்தான். ‘ஒரே வருஷ பி.எட்.’ என்று இப்போது புதிதாக ஒரு வியாபாரம். 2025 பிப்ரவரியில் என்.சி.டி.இ. வெளியிட்டது வரைவு விதி. வரைவைக் காட்டி இடம் விற்பவரை என்ன சொல்ல!

கடையில் பாடக்குறிப்பேடும் ரெக்கார்டும் எழுதி வாங்கி, ஆந்திராவிலோ கர்நாடகத்திலோ தேர்வுக்கு மட்டும் போய்வந்து பட்டம் வாங்கியவர்கள் எங்கே மாட்டுகிறார்கள் தெரியுமா? வெளிமாநிலப் பட்டம் என்பதாலேயே செல்லாமல் போவதில்லை, முறையாகப் படித்தால் செல்லும். ஆனால் அதே இரண்டு வருஷமும் கேளம்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்ததாக அனுபவச் சான்று வைத்திருப்பார்கள், வருங்கால வைப்புநிதியும் மாதாமாதம் பிடித்திருக்கும். ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு ஊரில் எப்படி இருந்தார்? இந்தக் கேள்வி வேலைக்குச் சேர்ந்து, உண்மைத்தன்மைச் சான்று கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போன பிறகும் வரலாம். அப்போது வேலையும் போகும், வழக்கும் வரும்.

இத்தனைக்கும் செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினால் சைதாப்பேட்டையில் இறங்கலாம். 1856இல் தொடங்கிய அரசு ஆசிரியர் கல்லூரி அங்கே இருக்கிறது. திருவல்லிக்கேணியில் வெலிங்டன் சீமாட்டி கல்லூரி இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி இடங்களுக்கு இணையவழி விண்ணப்பமும் கலந்தாய்வும் நடக்கின்றன. அதற்கு விண்ணப்பிக்காமலேயே ‘நமக்கெல்லாம் கிடைக்காது’ என்று தரகரிடம் போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித்தர வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கை. அவற்றை வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. கட்டண பாக்கிக்காகச் சான்றிதழை அடகுப் பொருள்போலப் பிடித்துவைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் பலமுறை சொல்லிவிட்டது. இடம் வேண்டாம் என்று விலகினால் சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பாக எழுதிக் கொடுத்தால் சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுவதும் திரும்ப வேண்டும், தாமதமாக ஆகக் குறையும், 30 நாள் கடந்தால் ஒன்றும் கிடையாது. இதற்கெல்லாம் ரசீது வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதித் தருவது ரசீதல்ல. கல்லூரிப் பெயர், வரிசை எண், முத்திரை, தேதி நான்கும் இருக்க வேண்டும். தரகரின் கூகுள் பேக்கு அனுப்பிய பணத்துக்குக் கல்லூரி பொறுப்பேற்காது, கல்லூரி வங்கிக் கணக்குக்கு மட்டும் செலுத்துங்கள்.

தமிழ்வழிச் சான்றில்தான் கெட்டிக்காரப் பிள்ளைகளும் கோட்டை விடுகிறார்கள். தமிழ்வழியில் படித்தோருக்கு 20 சதவீத முன்னுரிமை 2010 சட்டத்தில் வந்தது. 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழி என்று காட்ட வேண்டும். பி.எட்.டும் அதில் சேர்த்தி. வகுப்பு முழுக்கத் தமிழில் நடத்தி, தேர்வும் தமிழில் எழுதியிருப்பீர்கள், கல்லூரிப் பதிவேட்டில் பயிற்றுமொழி ஆங்கிலம் என்று போட்டிருப்பார்கள். சேர்ந்த மாதமே பாருங்கள். தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, கல்லூரி ஒவ்வொன்றிலும் தேர்வு வாரியம் தரும் படிவத்திலேயே சான்று வாங்குங்கள். குப்பத்துப் பள்ளி வேறு பள்ளியோடு இணைக்கப்பட்டிருந்தால் பதிவேடு எங்கே போனது என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேட்க வேண்டியிருக்கும். அறிவிப்பு வந்த வாரத்தில் அலைந்தால் தலைமையாசிரியர் விடுப்பில் இருப்பார்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: முதலில் எல்லாவற்றையும் நகலெடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். கல்லூரி மீதான புகார் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் என்.சி.டி.இ. தென் மண்டலக் குழுவுக்கும் போக வேண்டும். அந்தக் குழுவின் அலுவலகம் இப்போது டெல்லி துவாரகாவில் இருக்கிறது, பழைய பெங்களூரு முகவரிக்கு அனுப்பிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்காதீர்கள். தரகர் மீது மோசடிப் புகார் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவு. மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் பகுதியினர் செங்கல்பட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும், கேளம்பாக்கம் பக்கத்தவர் தாம்பரம் ஆணையரகத்துக்கும் போக வேண்டும். ‘பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று காவல் நிலையத்தில் அனுப்பிவைப்பார்கள், மனு ஏற்புச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்துப் பதிவு எண் வாங்குங்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள். தொலைபேசி எண் 15100. போகும்போது ரசீது, சேர்க்கைப் படிவம், தரகருக்குப் பணம் அனுப்பிய வங்கிப் பதிவு மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.