மண்வாரி இயந்திரத்தின் எச்சரிக்கை விளக்குகள்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

மண்வெட்டியும் கூடையும் செய்த வேலையை இன்று சிறிய மண்வாரி இயந்திரங்கள் செய்கின்றன. குழாய் புதைக்கவும், கழிவுநீர்த் தொட்டி தோண்டவும், மனையைச் சமன் செய்யவும் சந்துக்குள் நுழைந்து வரும் இவற்றை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். முந்தைய தலைமுறை எல்லாவற்றையும் 'பொக்லைன்' என்றது. எந்த நிறுவனம் செய்ததாயினும் ரப்பர் சக்கரம் இருந்தால் 'ஜே.சி.பி.', சங்கிலிப் பட்டை இருந்தால் 'ஹிட்டாச்சி' என்று நாம் பெயரிட்டு விட்டோம். வேடிக்கை பார்க்கும் நம் கண்கள் பக்கெட்டின் மீதே இருக்கும். ஓட்டுபவரின் கண்ணோ அவ்வப்போது வேறோர் இடத்துக்கும் போய்வர வேண்டும். அது அவருக்கு எதிரில் உள்ள டேஷ்போர்டு. அதிலுள்ள விளக்குகளைப் பற்றியதே இக்கட்டுரை.

என் தந்தை பதினாறு ஆண்டுகளாக இத்தகைய இயந்திரத்தின் ஆபரேட்டர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விளக்குகளில் உள்ள படங்களுக்கு அவர் தாமே பெயர் வைத்திருக்கிறார். என்ஜின் ஆயில் படத்துக்குக் 'கிண்டி', பேட்டரி படத்துக்குப் 'பெட்டி', அலைமேல் நிற்கும் வெப்பமானிக்குக் 'கப்பல்'. பெயர்கள் சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் படம் வரைந்தவர்களின் நோக்கம் இதுதான். எந்த மொழியும் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்க வேண்டும் என்பதற்காகவே ஐ.எஸ்.ஓ. 6405 என்னும் பன்னாட்டுத் தரம் மண்வேலை இயந்திரங்களுக்கான குறியீடுகளை வகுத்திருக்கிறது.

நிறங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பச்சை, ஏதோ ஒன்று இயங்குகிறது என்று தெரிவிப்பது. மஞ்சள், கவனி என்பது. சிவப்பு, வேலையை நிறுத்து என்பது.

முதலில் கிண்டி. என்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுழல்வதில்லை. இரண்டுக்கும் இடையில் மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. அதன்மேல் மிதந்தே தண்டு சுழல்கிறது. பம்பு எண்ணெயை அழுத்தி அனுப்பும் வரைதான் அந்தப் படலம் நிற்கும். அழுத்தம் போனால் உலோகம் உலோகத்தை உரசும். சில நிமிடங்களில் என்ஜின் இறுகி நின்றுவிடலாம். ஆகவே ஓடும்போது கிண்டி எரிந்தால் பக்கெட்டைத் தரையில் இறக்கி உடனே அணைக்க வேண்டும். 'இந்த ஒரு குழியை முடித்துவிட்டு' என்ற பேச்சுக்கே இடமில்லை. வாடகை மணிக்கணக்கில் ஓடும்போது, உரிமையாளர் தொலைபேசியில் அவசரப்படுத்தும்போது, இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை அந்த இருக்கையில் அமர்ந்தவர்களே அறிவார்கள்.

இந்த விளக்கு வேலை செய்யும் விதம் மிக எளியது. என்ஜின் உடம்பில் ஒரு சிறு சுவிட்ச் திருகப்பட்டிருக்கும். உள்ளே ஒரு சவ்வும் ஒரு சுருள்வில்லும். எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது வில்லானது இரு முனைகளைச் சேர்த்து வைக்கும். மின்சுற்று முழுமை பெற்று விளக்கு எரியும். அழுத்தம் ஏறியதும் சவ்வு தள்ளப்பட்டு முனைகள் பிரியும்; விளக்கு அணையும். எனவே சாவியைத் திருப்பி, இன்னும் ஸ்டார்ட் செய்யாத நிலையில், இவ்விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம் அல்லது கம்பி அறுந்திருக்கலாம். அந்த நிலையில் எண்ணெய் அறவே வற்றினாலும் டேஷ்போர்டு வாய் திறவாது. எரிகிற விளக்கைக் கண்டுதான் பலரும் அஞ்சுகிறார்கள். எரிய வேண்டிய வேளையில் எரியாத விளக்கை யாரும் பொருட்படுத்துவதில்லை.

இதை வெறும் பாடமாக நான் எழுதவில்லை. சென்ற ஆண்டு, சொந்தமாக ஒரு பழைய இயந்திரம் வாங்க என் தந்தை விரும்பினார். சேமிப்போடு அம்மாவின் வளையல்களையும் அடகு வைப்பதாகத் திட்டம். பக்கத்து ஊரில் விலைக்கு வந்த ஒன்றைப் பார்க்க, தெரிந்த மெக்கானிக்குடன் நானும் போனேன். பெயிண்ட் பளபளவென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் பெட்டி எரிந்தது, கிண்டி எரியவில்லை.

"கிண்டி வரலையே?" என்றார் அப்பா.

"ஆயில் நல்லா இருக்குண்ணே, அதான் எரியலை" என்றார் விற்பவர்.

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையேப்பா, அழுத்தம் எங்கே இருந்து வரும்?" என்று நான் மெதுவாகச் சொன்னேன். மெக்கானிக் பலகையைக் கழற்றினார். பல்பு இருக்க வேண்டிய துளை காலியாக இருந்தது. வேறொரு விளக்கின் பல்பை எடுத்து அதில் போட்டார். கிண்டி எரிந்தது, ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. விற்பவர் முகம் தெளிந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் அரை மணி நேரம் மண் வாரினார். பிறகு ஆக்சிலரேட்டரைக் குறைத்து ஐட்லிங்கில் விட்டார். கிண்டி மினுக்கத் தொடங்கியது.

காரணம் பாகுநிலை. வெப்பம் ஏற ஏற எண்ணெய் இளகி நீர்த்துப் போகிறது. தேய்ந்த பேரிங்கின் அகன்ற இடைவெளி வழியே அது எளிதில் ஒழுகிவிடுவதால், மெதுவாக ஓடும் பம்பினால் அழுத்தத்தைக் காக்க முடிவதில்லை. குளிர்ந்திருக்கும்போது கெட்டியான எண்ணெய் இந்தத் தேய்மானத்தை மறைத்துவிடும். சுவிட்சே பழுதாக இருக்கலாம் அல்லவா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மெக்கானிக் சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைத் திருகிப் பார்த்தார். முள்ளும் அதையே சொன்னது. நாங்கள் திரும்பிவிட்டோம். வளையல்கள் அம்மாவின் கைகளிலேயே இருக்கின்றன. அப்பா இன்னும் பிறருடைய இயந்திரத்தைத்தான் ஓட்டுகிறார்.

அடுத்தது பெட்டி. நம் மின்னியல் பாடம் அப்படியே இதில் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் இந்த விளக்கின் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரியோடும், மறுமுனை ஆல்டர்னேட்டரோடும் சேர்ந்திருக்கும். (பட்டறைகளில் இன்றும் அதற்கு 'டைனமோ' என்றே பெயர்.) ஆல்டர்னேட்டர் ஓடாதபோது ஒருபுறம் 12 வோல்ட், மறுபுறம் ஏறத்தாழச் சுழி, விளக்கு எரிகிறது. அது ஓடி மின்சாரம் தரத் தொடங்கியதும் இருபுறமும் சுமார் 14 வோல்ட். மின்னழுத்த வேறுபாடு இல்லை. ஆகவே மின்னோட்டமும் இல்லை. அணைப்பதற்கென்று ஒரு சுவிட்ச் இல்லாமலே விளக்கு தானாக அணைகிற இந்த ஏற்பாட்டை நான் மிகவும் ரசிக்கிறேன். பெட்டி எரிந்தால் பேட்டரிதான் கெட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். முதலில் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். பல என்ஜின்களில் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர்ப் பம்பையும் ஒரே பெல்ட் சுழற்றுகிறது. அது அறுந்தால் முதலில் பெட்டி எரியும். கவனிக்காமல் ஓட்டினால் சற்று நேரத்தில் கப்பலும் எரியும்.

கப்பலுக்குச் செய்தி அனுப்புவது, சூடேறினால் மின்தடை குறையும் ஒரு குறைகடத்தித் துண்டு. அது தண்ணீரில் மூழ்கியிருக்கும் வரையில்தான் அதன் சொல்லை நம்பலாம். தண்ணீர் முழுதும் ஒழுகிவிட்டால் அது வெறும் ஆவியில் நின்று, குறைவான வெப்பத்தைக் காட்டக்கூடும். இந்த விளக்கு எரிந்தால் கிண்டிக்குச் செய்வதுபோல் சட்டென அணைப்பது எப்போதும் சரியன்று. தண்ணீர் ஒழுகாமல், பெல்ட்டும் அறுபடாமல் இருந்தால், சுமையை இறக்கி ஐட்லிங்கில் சிறிது நேரம் விடுவதே நல்லது. பம்பும் விசிறியும் சூட்டை வெளியேற்றும். ரேடியேட்டர் மூடியை மட்டும் அப்போது திறக்கவே கூடாது. மூடிக்குள் அழுத்தம் ஒரு வளிமண்டலம் கூடுதலாக இருந்தால் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் விழுந்து, அவ்வளவும் ஒரே பாய்ச்சலில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

மஞ்சள் விளக்குகளில் இரண்டைச் சொல்கிறேன். ஏர் கிளீனர் விளக்கு, தூசி அடைத்து என்ஜின் மூச்சு வாங்குகிறது என்பதைக் காட்டுவது. டீசலில் தண்ணீர் கலந்ததைக் காட்டும் விளக்கு இன்னும் அழகானது. தண்ணீர் டீசலைவிட அடர்த்தி மிக்கதால் ஃபில்டரின் அடியில் தங்கும். அங்கே இரண்டு மின்முனைகள் இருக்கும். டீசல் மின்சாரத்தைக் கடத்தாது; அந்தத் தண்ணீர் கடத்தும். அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டால் போதும்.

கட்டுமான இயந்திரங்களுக்கான பாரத் ஐந்தாம் நிலை மாசு விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. இதனால் புதிய இயந்திரங்கள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் அதற்கொரு விளக்கும் சேர்ந்திருக்கின்றன. சேர்ந்த கரியை எரிக்கப் புகைக்குழாயின் வெப்பம் 600 டிகிரி வரை ஏறலாம். அந்நேரத்தில் இயந்திரம் வைக்கோற்போரின் அருகில் நிற்கக்கூடாது.

புதிய இயந்திரங்களின் திரையில் விளக்கோடு இரண்டு எண்களும் தோன்றும். எஸ்.ஏ.இ. ஜே1939 என்ற தரத்தின்படி முதல் எண் உறுப்பைச் சொல்லும்: 100 என்றால் என்ஜின் ஆயில் அழுத்தம், 110 என்றால் தண்ணீரின் வெப்பம். இரண்டாம் எண் கோளாறின் வகை. 100, 1 என்று வந்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது. 100, 5 என்று வந்தால் சென்சாரின் மின்சுற்றில் கம்பி விட்டுப்போயிருக்கக் கூடும். விளக்கு ஒன்றே, செலவு வேறு வேறு. ஆகவே எண்களைக் குறித்துக்கொண்டே மெக்கானிக்கை அழைக்க வேண்டும். என் தந்தை எண்களை நன்றாகப் படிப்பார். சட்டைப் பையில் இப்போது ஒரு சிறு நோட்டும் பென்சிலும் வைத்திருக்கிறார்.