பராகுவேயின் இரு மொழிகள்

தென் அமெரிக்காவின் நடுவே, கடற்கரை இல்லாத நாடு பராகுவே. அதன் தலைநகரான அசுன்சியோனை 1537ஆம் ஆண்டில் ஸ்பானியர் நிறுவினர். அவர்களுள் பெரும்பாலோர் ஆடவர். அங்கு வாழ்ந்த குவாரனி இனப் பெண்களையே மனைவியராக்கிக் கொண்டனர். பிறந்த குழந்தைகள் தாயிடம் குவாரனியையே கற்றனர். ஆள்வோர் மொழி வெல்வதே உலகில் பெருவழக்கு. இங்கோ அடுக்களை மொழி அழியவில்லை.

எனினும் பள்ளி அதனை ஏற்கவில்லை. வகுப்பில் குவாரனி பேசிய மாணவர் நெடுங்காலம் தண்டிக்கப்பட்டனர். பொலிவியாவுடன் நடந்த சாக்கோ போரின்போது (1932-1935), பகைவர் எளிதில் அறியாவண்ணம் படைச் செய்திகள் குவாரனியில் அனுப்பப்பட்டன. வகுப்பறை விலக்கிய மொழி போர்க்களத்தில் தேவைப்பட்டது! 1992ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, ஸ்பானிய மொழியோடு அதனையும் ஆட்சிமொழியாக்கியது. இன்று பழங்குடியினர் அல்லாதவருள்ளும் மிகப் பலர் அதனைப் பேசுகின்றனர்.

குவாரனியில் தமிழுக்கு நிகரான ஒரு நுட்பம் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக் கூறும்போது 'ஞந்தே' என்பர். அவரை விலக்கிக் கூறும்போது 'ஓரே' என்பர். நம் 'நாம்', 'நாங்கள்' போன்றவையே இவை. ஸ்பானிய மொழியிலும், ஏன், இந்தியிலும் இவ்விரண்டிற்கும் ஒரு சொல்தான் உள்ளது.