இரட்டை டர்போசார்ஜர் (டீசல் ஊர்திகள்)

இரட்டை டர்போசார்ஜர் என்பது ஓர் இயந்திரத்துக்கு அழுத்தப்பட்ட காற்றை ஊட்டுவதற்கு இரண்டு டர்போசார்ஜர்களைப் பயன்படுத்தும் அமைப்பு ஆகும். டர்போசார்ஜர் சுருக்கமாக டர்போ எனப்படும். பிக்கப் எனப்படும் சிறு சரக்கு ஊர்திகள், மகிழுந்துகள், மின்னாக்கிகள் ஆகியவற்றின் டீசல் இயந்திரங்களில் இவ்வமைப்பு காணப்படுகிறது. இரண்டு டர்போக்கள் இருந்தால் ஆற்றல் இரு மடங்காகும் என்பது பரவலான தவறான கருத்து. இயந்திரத்தின் குறைந்த வேகத்திலும் உயர்ந்த வேகத்திலும் போதிய காற்றழுத்தம் கிடைக்கச் செய்வதே பிக்கப் ஊர்திகளில் இதன் முதன்மை நோக்கம்.

டர்போ செயற்படும் முறை

டர்போவில் ஒரே தண்டின் இரு முனைகளில் இரு சக்கரங்கள் உள்ளன. இயந்திரத்திலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு முனையிலுள்ள சுழலியைச் சுழற்றுகிறது. மறுமுனையிலுள்ள அமுக்கி வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, உருளைகளுக்குள் அனுப்புகிறது. காற்று மிகுந்தால் அதற்கேற்பக் கூடுதல் டீசலை முழுமையாக எரிக்கலாம். சிறிய டர்போக்களின் தண்டு நிமிடத்துக்கு 2 இலட்சம் சுற்றுகள் வரை சுழலக்கூடியது.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டில் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

ஒரு டர்போவின் குறைபாடு

2.5 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு இயந்திரம் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்கு நிகரான காற்றை இழுக்கிறது. டர்போ இல்லாத நிலையில், நிமிடத்துக்கு 1200 சுற்றுகளில் சுமார் 1500 லிட்டரும், 3600 சுற்றுகளில் சுமார் 4500 லிட்டரும் தேவைப்படும். அதாவது தேவை மூன்று மடங்கு மாறுகிறது.

பெரிய டர்போ 3600 சுற்றுகளுக்குப் பொருந்தும். ஆனால் 1200 சுற்றுகளில் வரும் குறைந்த புகையால் அதனை விரைவாகச் சுழற்ற இயலாது. முடுக்கியை மிதித்த பின்னரும் இழுவை தாமதமாகவே வரும். இது டர்போ தாமதம் எனப்படும். சிறிய டர்போ உடனே சுழலும். ஆனால் உயர்வேகத்தில் புகை வெளியேறும் வழியை நெரித்து, தானும் அளவுக்கு மீறிச் சுழலும்.

வகைகள்

இணை அமைப்பு: ஒரே அளவுள்ள இரு டர்போக்கள் உருளைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. V வடிவ இயந்திரங்களில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு டர்போ அமைவது வழக்கம்.

தொடர் அமைப்பு: ஒரு சிறிய டர்போவும் ஒரு பெரிய டர்போவும் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. பிக்கப் ஊர்திகளுக்கு உரியது பெரும்பாலும் இதுவே. 2004ஆம் ஆண்டில் வந்த பிஎம்டபிள்யூ 535டி மகிழுந்து, 2008ஆம் ஆண்டு மாதிரி போர்டு சூப்பர் டியூட்டியின் 6.4 லிட்டர் இயந்திரம், 2010ஆம் ஆண்டில் வந்த வோக்சுவாகன் அமரோக் பிக்கப் ஆகியன எடுத்துக்காட்டுகள்.

தொடர் அமைப்பை நிறுவும் முறை

புகை முதலில் சிறிய டர்போவையும் பின்னர் பெரிய டர்போவையும் கடக்கிறது. காற்று எதிர் வரிசையில் செல்கிறது: வடிகட்டி, பெரிய அமுக்கி, சிறிய அமுக்கி, இடைக்குளிர்விப்பி, உருளைகள். சிறிய டர்போவைச் சுற்றி ஒரு மாற்றுவழியும் அதனைத் திறந்து மூடும் அடைப்பிதழும் உண்டு. குறைந்த வேகத்தில் அது மூடியிருக்கும். வேகம் கூடும்போது படிப்படியாகத் திறந்து புகையை நேரே பெரிய டர்போவுக்கு அனுப்பும். காற்றுப் பக்கத்திலும் இத்தகைய மாற்றுவழி வேண்டும்.

இரு அமுக்கிகளும் ஒருங்கே இயங்கும்போது அழுத்த விகிதங்கள் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. பெரியது 2 மடங்கும் சிறியது 1.5 மடங்கும் அழுத்தினால் மொத்தம் 3 மடங்கு ஆகும். வெப்பமும் உயரும். 25 பாகை செல்சியசில் உள்ள காற்றை 2 மடங்கு அழுத்தினாலேயே அது ஏறத்தாழ 120 பாகையை எட்டும். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும். எனவே இடைக்குளிர்விப்பி இன்றியமையாதது.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை:

* மசகெண்ணெய் திரும்பும் குழாய் இடையில் மேல்நோக்கி வளையாமல், எண்ணெய்த் தொட்டிக்குச் சரிவாக இறங்க வேண்டும். எண்ணெய் தேங்கினால் தண்டின் அடைப்புகள் வழியாகக் கசிந்து வெண்ணீலப் புகை வரும்.
* முதன்முறை இயக்குமுன் தாங்கிகளுக்கு எண்ணெய் சென்றிருக்க வேண்டும். உலர்ந்த தாங்கி சில நொடிகளிலேயே தேய்ந்துவிடும்.
* கூடும் காற்றுக்கு ஏற்பவே டீசல் அளவைக் கூட்ட வேண்டும். டீசல் மிகுந்தால் கரும்புகையுடன் புகையின் வெப்பமும் உயர்ந்து, ஆடுதண்டுகளும் சுழலியும் சேதமடையும்.
* உருளைத்தலை அடைப்பு, கிளட்ச், பற்சக்கரப்பெட்டி ஆகியன கூடும் முறுக்குவிசையைத் தாங்க வேண்டும்.

திருப்பூரில் பயன்பாடு

திருப்பூரில் ஒரு பனியன் உருவாவதற்குள் அதன் நூலும் துணியும் பல இடங்களுக்குச் செல்கின்றன. நிட்டிங் ஆலை, சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் என ஒவ்வொரு வேலையும் வெவ்வேறு இடங்களில் நடப்பது வழக்கம். இவற்றுக்கிடையே சரக்கு ஏற்றிச் செல்பவை சிறு டீசல் ஊர்திகள். நெரிசலான தெருக்களில், சுமையுடன், நின்று நின்று செல்லும் இவற்றுக்குக் குறைந்த வேக இழுவையே முதன்மையானது.

எனினும் இவ்வூர்திகளில் வழக்கமாக ஒரு டர்போவே உள்ளது. 2011இல் அறிமுகமான, ஒசூரில் தயாரிக்கப்பட்ட அசோக் லேலண்டு தோஸ்து மூன்று உருளை டர்போ டீசல் இயந்திரம் கொண்டது. இத்தகைய இயந்திரங்களின் வேக எல்லை குறுகியது. குறைந்த வேக இழுவைக்காகவே அவற்றின் டர்போ தெரிவு செய்யப்படுகிறது. விலை கூடிய பிக்கப்புகளில், புகை நுழையும் வழியின் அளவை மாற்றும் அசையும் இதழ்களைக் கொண்ட டர்போ பயன்படுகிறது. இரு டர்போக்களின் பணியைப் பெருமளவு அது ஒன்றே செய்துவிடும்.

மின்வெட்டின்போது ஆலைகளை இயக்கும் டீசல் மின்னாக்கிகள் இதற்கு மாறானவை. 50 எர்ட்சு மின்சாரம் தர, நான்கு முனை மின்னாக்கி எப்போதும் நிமிடத்துக்கு 1500 சுற்றுகளில் சுழல வேண்டும். வேகம் மாறாததால், பெரிய V வடிவ மின்னாக்கிகளில் காணப்படும் இரு டர்போக்கள் பெரும்பாலும் இணை அமைப்பைச் சேர்ந்தவை. தோற்றத்தில் இரண்டும் இரட்டை டர்போக்களே. அவற்றின் நோக்கம் வேறு.

சட்ட நிலை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் ஊர்தியை மாற்றுவதைத் தடை செய்கிறது. மாற்று எரிபொருளுக்கு மாறுதல் போன்ற சில விலக்குகள் உண்டு. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இத்தடையை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் தண்டமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் சிக்கல் எழலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளுக்கு உட்பட்ட ஊர்திகளில், புகைத்துகள் வடிகட்டியும் உணரிகளும் மூல அமைப்புக்கு ஏற்பவே அளவமைக்கப்பட்டுள்ளன. டர்போவை மாற்றினால் அவையும் பிழையாக இயங்கும். எனவே இழுவை குறைந்த பழைய ஊர்தியில் இரண்டாவது டர்போவை எண்ணுமுன், அடைபட்ட காற்று வடிகட்டி, கசியும் இடைக்குளிர்விப்பிக் குழாய், இறுகிய அடைப்பிதழ் ஆகியவற்றைச் சோதிப்பது பயனுள்ளது. இவை சீரானாலே இழந்த இழுவை பல வேளைகளில் திரும்பிவிடும்.

இவற்றையும் பார்க்க

* டீசல் இயந்திரம்
* முறுக்குவிசை
* மின்னாக்கி