பழகிப்போன காலை நம்பாதீர்கள்

காரின் பிரேக் திடீரென்று கெட்டுப்போவது அபூர்வம். பெரும்பாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளரும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. பெடல் துளி கீழே இறங்கினால், உங்கள் கால் துளி கூடுதலாக மிதிக்கப் பழகிவிடும். தினமும் ஓட்டுகிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

மேட்டுப்பாளையத்தில், குன்னூர் சாலையையொட்டி எங்கள் பட்டறை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 325 மீட்டர் சொச்சம். ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சாலையில் 1,900 மீட்டர் இறங்கியாக வேண்டும். 1,200 கிலோ எடையுள்ள கார் அப்படி இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கியரைக் குறைத்து ஓட்டினால் அதில் பெரும்பங்கை என்ஜின் தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் அத்தனை சூடும் பிரேக்கின் தலையில் விழும். ஊருக்குள் ஒரு வருடம் சமாளித்த பிரேக், இங்கே ஒரு மணி நேரத்தில் தன் உண்மை நிலையைக் காட்டிவிடும்.

போன கோடை சீசனில் திருப்பூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு மலையிறங்கி நேராகப் பட்டறைக்கு வந்தார். முன்சக்கரங்களிலிருந்து கருகல் வாடை. "பிரேக் நல்லாத்தானுங்க இருந்துச்சு" என்றார். பர்லியாறு தாண்டி வண்டியை வாங்கி ஓட்டிய அவருடைய மச்சான் உடனே மறுத்தார்: "இல்லீங்கண்ணா, பெடல் பாதிக்கு மேல போகுது. மாமாவுக்குத் தெரியல."

சூடு ஆறிய பிறகு சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் பேடை விரலால் பிடித்துப் பார்த்தால், உராயும் பகுதி 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓரங்கள் சாம்பல் நிறத்தில் பொடிந்திருந்தன. பேடின் பக்கவாட்டில் இருக்கும் சிறு இரும்புப் பட்டை டிஸ்க்கில் தேய்ந்து பளபளத்தது. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால், இளம் மஞ்சளாக இருக்க வேண்டியது கருத்த டீ நிறத்தில் இருந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றியதில்லையாம்.

காதுக்குக் கேட்பது

அந்த இரும்புப் பட்டை எச்சரிக்கைக்காகவே வைக்கப்பட்டது. பேட் குறிப்பிட்ட அளவு தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டு 'கீச்' என்று கத்தும். ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றி, பாட்டு வைத்தால் அது காதில் விழாது. வாரத்துக்கு ஒருமுறை கண்ணாடியை இறக்கி, காம்பவுண்டுச் சுவர் ஓரமாக மெதுவாக ஓட்டி பிரேக் போட்டுப் பாருங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்கும்.

மழைக்குப் பிறகு காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் கரகரப்பு வந்து நின்றுவிட்டால் பயம் வேண்டாம். டிஸ்க்கில் இரவில் படிந்த துரு அது. கீச்சுச் சத்தம் போய், இரும்போடு இரும்பு தேயும் கரகரப்பு விடாமல் வந்தால் பேட் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் ஓட்டினால் டிஸ்க்கும் போய்விடும். செலவு பல மடங்காகும்.

காலுக்குத் தெரிவதும் தெரியாததும்

டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய, பின்னாலிருக்கும் பிஸ்டன் முன்னால் நகர்ந்து இடைவெளியை நிரப்பிவிடும். அதனால் பேட் தேய்வது காலுக்குத் தெரியவே தெரியாது. பெடலை வைத்து மட்டும் பேடைக் கணிக்காதீர்கள்.

கால் சொல்வது வேறு விஷயங்களை. பெடல் பஞ்சுமூட்டையை மிதிப்பதுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். சிக்னலில் மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், ஆயில் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. இந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. மிதிக்கும்போது பெடல் அதிர்ந்தால் டிஸ்க் சீராகத் தேயவில்லை. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள். அது சரியென்றால், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் இறுகியிருக்கலாம்.

பெடல் கல்லாக இறுகினால், மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் பூஸ்டரைச் சந்தேகிக்க வேண்டும். பெட்ரோல் வண்டியோ டீசல் வண்டியோ, நீங்களே சோதிக்கலாம். என்ஜினை அணைத்து, பெடல் இறுகும்வரை நாலைந்து தடவை மிதியுங்கள். மிதித்தபடியே என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் நலம். அசையாமல் நின்றால் பட்டறைக்கு வாருங்கள்.

மறந்துபோகும் பிரேக் ஆயில்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரிவரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால், உங்கள் மிதியின் அழுத்தம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரம்வரை சேராது. அந்தத் திருப்பூர் வண்டி இந்த நிலையை நெருங்கியிருந்தது.

எனவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். உங்கள் வண்டிக் கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதன்படி செய்யுங்கள். எந்த வகை ஊற்ற வேண்டும் என்பது டப்பா மூடியிலேயே இருக்கும். என்ஜின் ஆயிலை ஒரு சொட்டுகூட ஊற்றிவிடாதீர்கள்; ரப்பர்கள் உப்பிக் கெட்டுவிடும். அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடவும் கூடாது. பேட் தேய்ந்ததால் இறங்கியதா, கசிவா என்று பார்க்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு விளக்கு எரிந்தால் அது இதைத்தான் கேட்கிறது.

மலைக்குக் கிளம்பும் முன்

ஒரு வாரம் முன்னதாக மெக்கானிக்கிடம் போங்கள். "பிரேக் செக் பண்ணுங்க" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, உட்பக்க பேடையும் வெளிப்பக்க பேடையும் கண்ணால் பாருங்கள். இரண்டும் ஒரேபோல் தேய வேண்டும். புது பேடில் உராயும் பகுதி பெரும்பாலும் 10 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் நான் மாற்றச் சொல்வேன். பின்சக்கர டிரம்மையும் திறந்து ஷூவைப் பார்க்கச் சொல்லுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

மலையிறங்கும்போது கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் காரை வழக்கமாக ஓட்டாத, நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் மாதம் ஒருமுறை சாவியைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். பிரேக் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் முகம் சுளித்தால், "எனக்கு நல்லாத்தானே பிடிக்குது" என்று வாதாடாமல் அன்றைக்கே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பின்சீட்டில் உட்காரும் பிள்ளைகளுக்காக இதைச் செய்யுங்கள்.